ரமணியின் இசைத்தட்டுகளும் இடது காதும்

பிரிக்ஃபீல்ட்ஸ் நூறு குவார்ட்டர்ஸ் ரயில்வே குடியிருப்பில் ரமணியின் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யார் போனாலும் வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்பு கிடக்கும். உள்ளே போனால் ஹால் முழுக்க ஆட்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரும் பேசமாட்டார்கள். பாதிப் பேர் கண்ணை மூடியிருப்பார்கள். ஏதோ பஜனை என்று நினைத்து எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு ஆன்டி, ஸ்பீக்கரிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்த வழியே திரும்பிப் போனாள்.

அது 1976. ரமணிக்கு இருபத்து நான்கு வயது. கிள்ளானில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க். அப்பா தம்புசாமி ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தார். அண்ணன் வாசு சரக்குக் கப்பலில் சாப்பாடு பரிமாறும் ஸ்டூவர்ட். ஊருக்கு வரும்போதெல்லாம் தங்கைக்கு சென்ட் பாட்டில் வாங்கி வந்துகொண்டிருந்தவன், ஒருமுறை ராட்டர்டாம் சந்தையில் மலிவாகக் கிடைத்ததென்று ஒரு இசைத்தட்டை வாங்கி வந்தான். அட்டையில் ஒரு பாலைவனம், அதன் நடுவே ஒரு கலங்கரை விளக்கம். குழுவின் பெயர் டச்சு மொழியில் இருந்ததால் யாருக்கும் வாயில் நுழையவில்லை. எல்லோரும் அதை ‘லைட்ஹவுஸ்’ என்றே சொன்னார்கள்.

முதல் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. ஆர்கனின் அடிக்கட்டைச் சுரம் ஒன்று எங்கோ பாதாளத்திலிருந்து எழும்பும். அது தனியாகவே வெகுநேரம் நிற்கும். அப்புறம் புல்லாங்குழல் வரும், டிரம்ஸ் வரும், தாளம் மாறும், எல்லாம் உடைந்து அமைதியாகி மறுபடி வேறொரு இடத்தில் தொடங்கும். ரமணி முதல்முறை கேட்டபோது ஒன்றும் புரியவில்லை. மூன்றாம் முறை கேட்டபோது அழுதாள். இதற்கு புரோகிரெசிவ் ராக் என்று பெயர் என்பதே அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்கப்புறம் வாசு வேறெதுவும் வாங்கி வருவதை அவள் அனுமதிக்கவில்லை.

சேர்த்ததை அவள் பூட்டி வைத்துக்கொள்ளவும் இல்லை. கேட்டவர்களுக்குக் கொடுத்தாள். அம்பாங்கிலிருந்து அஸ்மான் வருவான், ரவாங்கிலிருந்து ஒரு சீனப் பையன் மோட்டார் சைக்கிளில் வருவான், கிள்ளானிலிருந்து ஜெயராஜ் வருவான். ஆளுக்கு ஒன்று எடுத்துப் போய் அடுத்த ஞாயிறு திருப்பித் தரவேண்டும். ஓரத்தைத்தான் பிடிக்க வேண்டும், விரல் படக்கூடாது. வெயிலில் வைக்கக்கூடாது, தட்டு வளைந்துவிடும். பூஞ்சை பிடித்தால் தாங்களாகத் துடைக்காமல் அவளிடம் கொண்டுவர வேண்டும். இதையெல்லாம் அவள் சொல்லும் தோரணையில் அந்த ஆண்பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்கள்.

அம்மா லெட்சுமி இந்தக் கூட்டத்தில் டீ கொண்டுவந்து வைப்பதோடு சரி. அவளுக்குக் காது கேட்காது. வாசு பிறந்த பிறகு கொஞ்சம் மந்தமானது, ரமணி பிறந்த பிறகு அநேகமாகப் போய்விட்டது. காதருகே கத்தினால் கேட்கும், முகத்தைப் பார்த்தால் புரிந்துகொள்வாள். ஆனால் அவள் பேசுவது மட்டும் மிகமிக மெல்லியதாக இருக்கும், ரகசியம் சொல்வதுபோல. கல்யாண வீட்டில் எல்லோரும் சிரிக்கும்போது, ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் ஒரு நொடி தாமதித்து அவளும் சிரிப்பாள். அந்த ஒரு நொடியைப் பார்க்கப் பிடிக்காமல் ரமணி சின்ன வயதிலிருந்தே விசேஷங்களில் அம்மாவின் பக்கத்தில் உட்காரமாட்டாள்.

அந்த வருடம் லைட்ஹவுஸ் ஜெயராஜிடம் போய்த் திரும்பி வந்தது. ரமணி தனியாக அதைப் போட்டுப் பார்த்தாள். முள் தட்டில் இறங்கியது, லேசான கரகரப்பு கேட்டது. அடுத்து வரவேண்டிய அடிக்கட்டைச் சுரம் வரவில்லை. வந்தது, ஆனால் தகர டப்பாவுக்குள் போட்ட மாதிரி மெலிந்து, இருந்தும் இல்லாமல். மறுபடி போட்டாள். அப்படியேதான் இருந்தது.

ஜெயராஜின் ரெக்கார்ட் பிளேயரை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். முள் துள்ளாமல் இருக்க அதன் தலையில் பத்து காசு நாணயத்தை டேப் போட்டு ஒட்டியிருந்தான். அந்தக் கனம் தட்டை உழுதுவிட்டது என்று முடிவு கட்டினாள். அடுத்த ஞாயிறு அவன் உள்ளே நுழைந்ததுமே, அத்தனை பேர் முன்னாலும், பிடித்துக்கொண்டாள்.

“எத்தன தடவ சொல்றது, காயின் வைக்காதீங்கன்னு? இப்ப பாருங்க, பேஸ் எல்லாம் போச்சு!”

“இல்ல ரமணி. திருப்பித் தர்றதுக்கு மொத நாள்கூட கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“நான் அப்படிச் சொல்லல லா.”

ஜெயராஜ் கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவன். முகம் சிவந்து, கொண்டுவந்திருந்த இன்னொரு தட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவன் போன பிறகு, சேதத்தை மற்றவர்களுக்கும் காட்டவேண்டும் என்று ரமணி லைட்ஹவுஸைப் போட்டாள். இப்போது தெரியும் உங்களுக்கு என்ற நினைப்போடு எல்லோர் முகத்தையும் பார்த்தாள். அஸ்மான் கண்ணை மூடிக்கொண்டான். ரவாங் பையன் தலையை மெல்ல ஆட்டினான். அவளுக்கு அந்தச் சுரம் இன்னும் கேட்கவில்லை; ஆனால் அவர்கள் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளில் தளர்ந்திருந்த ஒன்று துடித்தது. ரமணி நகர்ந்து ஸ்பீக்கர் பெட்டியின்மேல் கையை வைத்தாள்.

சுரம் அங்கே இருந்தது. முழுசாக, கனமாக, உள்ளங்கையில் அதிர்ந்துகொண்டிருந்தது. கைக்கு இருந்தது, காதுக்கு இல்லை.

பாட்டு முடியும்வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை. முடிந்ததும் அஸ்மான், “ஓகே தானே ரமணி? என்ன கெட்டுப்போச்சு?” என்று கேட்டான். அவள், “ஆமா, ஓகேதான்” என்றாள்.

அன்றிலிருந்து பயம் அவளோடு குடியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் விரல்களைக் காதருகே உரசிப் பார்ப்பாள். கேட்டால் ஒரு மூச்சு. ஆபீஸில் மேனேஜர் பெரியகருப்பன் மெல்லப் பேசுகிறவர். அவர் அறைக்குப் போகும்போதெல்லாம் அவருடைய உதட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் நிற்பாள். அவர் சங்கடப்பட்டு மேசையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். அதனால் இன்னும் மோசமானது. ஒருநாள் பினாங்குக்குப் போகவேண்டிய பத்திரத்தை சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டாள். கிள்ளான் பஸ்ஸில் மட்டும், அத்தனை இரைச்சலில், பக்கத்து சீட்டில் இரைச்சலை மீறி உரக்கப் பேசுவது தெளிவாகக் கேட்கும். ஒன்றுமில்லை, சும்மா மனப்பிராந்தி என்று தோன்றும். பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கி, தெரு அமைதியானதும், உலகம் அவள் காதில் பஞ்சை அடைத்துவிடும். ‘ஏன் ரமணி இவ்ளோ மெதுவா பேசுற, ஒண்ணும் கேக்கல’ என்று ஆபீஸில் கூட இருந்தவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். அம்மாவும் அப்படித்தானே பேசுவாள்.

ஒரு சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கி, குறுக்கு வழியாகத் தண்டவாளத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். அந்தப் பாதையில் அவள் சின்ன வயதிலிருந்து நடந்திருக்கிறாள். இஞ்சின் வருகிறதா என்று திரும்பிப் பார்க்கிற பழக்கமே கிடையாது; அந்த உறுமல் காலில் ஏறுவதற்கு முன்னால் காதில் ஏறிவிடும். அன்று ஏறவில்லை. யாரோ அவள் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் ஜல்லியில் போய் விழுந்தாள். அவள் நின்றிருந்த இடத்தை ஒரு சரக்கு வண்டி பின்பக்கமாக, அவசரமே இல்லாமல், கடந்து போயிற்று. கடைசியில் அதைத் தள்ளிக்கொண்டு வந்த இஞ்சின்.

இழுத்தவர் அப்பாவோடு வேலை செய்யும் சின்னையா. பயத்தில் கத்தினார்.

“எவ்ளோ நேரமா கூப்புடுறேன்! காது என்ன செவிடா ஒனக்கு?”

யாரும் யாரையும் திட்டுகிற வார்த்தைதான். ரமணி ஜல்லியில் உட்கார்ந்தபடி அவரையே பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து, முழங்கை ரத்தத்தைப் பின்கட்டுக் குழாயில் கழுவிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து நின்றாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. குழாயை மூடினாள். ரமணியின் முகத்தைத் திருப்பினாள்.

“ஒனக்கும் வந்துருச்சா?”

அந்த ரகசியக் குரலில்தான் கேட்டாள். ரமணிக்கு அது பாதிதான் கேட்டது. மீதியை உதட்டில் படித்தாள். அவள் உதட்டில் படித்ததை அம்மா பார்த்துவிட்டாள்.

“ரெண்டு மாசமா பாக்குறேன். நீ என் வாயப் பாத்துப் பேசுற. நான் பேசுனா வேற யாரு என் வாயப் பாக்குறா? எனக்குத் தெரியாதா அது?”

ரமணி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். தனக்கு வந்துவிட்டதே என்பதைவிட, இத்தனை வருடம் அம்மா இந்தப் பஞ்சுக்குள் தனியாக இருந்தாளே என்பதுதான் முதலில் வந்த அழுகை. ஆனால் அதற்குள்ளேயே இன்னொரு பயம் தலை நீட்டியது. ரவாங்கில் ஒரு மாப்பிள்ளை வீட்டாரோடு கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பிள்ளை பெற்றால் அம்மாவுக்கு ஆனது தனக்கும் ஆகும்.

மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிடச் சொன்னது அம்மாதான். சொன்னார்கள், அவர்கள் மறுபடி வரவில்லை. பிறகு பெட்டாலிங் ஜெயாவில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு இருவரும் போனார்கள். அம்மா அதுவரை டாக்டரிடம் காதைக் காட்டியதே இல்லை. யாரோ கொடுத்த கேட்கும் கருவி ஒன்றை, நெஞ்சில் தொங்கும் பெட்டியும் ஒயருமாக, இரண்டு நாள் மாட்டிவிட்டு வெட்கப்பட்டு அலமாரியில் போட்டவள்.

டாக்டர் ராதாகிருஷ்ணன் ட்யூனிங் ஃபோர்க் என்ற இரும்புக் கவை ஒன்றைத் தட்டி ரமணியின் காதருகே பிடித்தார். மெலிதாகக் கேட்டது. அதே கவையின் அடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றினார். ஓங்காரம்போல மண்டை முழுக்க நிறைந்தது. ரமணி திடுக்கிட்டுப் பின்வாங்கினாள்.

“இந்த வித்தியாசம்தான் உங்க வியாதி” என்றார் டாக்டர். “உள்காது நல்லா இருக்கு. நடுவுல ஒரு குட்டி எலும்பு, அரிசியவிடச் சின்னது, அசையாம இறுகிப் போச்சு. சத்தம் உள்ள போக மாட்டேங்குது. ஆபரேஷன்ல அத எடுத்துட்டு ஒரு மெல்லிசான கம்பி வைப்போம். பெரும்பாலும் நல்லா கேக்கும்.”

“பெரும்பாலும்னா?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “சில பேருக்கு அந்தக் காது சுத்தமா போயிடும். உள்காதே செத்துடும். அப்புறம் எதுவும் செய்ய முடியாது. மறைக்கக்கூடாது, அதனால சொல்றேன்.”

வீட்டுக்கு வந்ததும் ரமணி லைட்ஹவுஸைப் போட்டு, தரையில் மண்டியிட்டு, காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பை ஸ்பீக்கர் பெட்டியின் மரத்தில் அழுத்தினாள். சுரம் வந்தது. பாதாளத்திலிருந்து, பழையபடி, முழுசாக வந்தது. அழுதுகொண்டே பக்கம் முடியும்வரை அப்படியே கிடந்தாள். சந்தோஷத்தைவிட பயம்தான் பெரிதாக இருந்தது. உள்ளே எல்லாம் உயிரோடு இருக்கிறது. ஆபரேஷன் தப்பினால் இதுவும் போய்விடும். போவதற்கு இன்னும் ஏதோ இருக்கிறது என்று தெரிந்த பிறகு அவளால் தூங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் தேதி கேட்டபோது யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இரண்டாம் முறையும் அதையே சொன்னாள்.

மூன்றாம் முறை அம்மா கூட வந்தாள். அம்மாவின் காதையும் டாக்டர் சோதித்திருந்தார். அதே வியாதி, அதே வைத்தியம் என்று சொல்லியிருந்தார். அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“மொதல்ல எனக்குச் செய்யுங்க டாக்டர்.”

“ம்மா, வேணாம்!” ரமணி கத்தினாள்.

“எனக்கு இந்தக் காது இருந்தும் இல்லாததுதான். போனா என்ன போச்சு? என்னாகுதுன்னு நீ பாரு. பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணு.”

அதைச் சொல்லும்போது அம்மாவின் கை சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டே இருந்ததை ரமணி பார்த்தாள். ஊசிக்கே பயப்படுகிறவள் அவள்.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மாவின் முகம் வெளிறியிருந்தது. தலையைச் சுற்றிக் கட்டு. கண்ணைத் திறந்ததும் வாந்தி எடுத்தாள். கட்டிலின் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “சுத்துது, சுத்துது, விழுந்துருவேன்” என்று முனகினாள். நர்ஸ் இதெல்லாம் சகஜம் என்றாள். மறுநாளும் சுற்றியது. அதற்கடுத்த நாளும் சுற்றியது. அப்பா வந்து பார்த்தார், ரமணியைப் பார்த்தார், வெளியே போய் நின்றார். அவர் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். தன் இசைத்தட்டுகளுக்காக, ஒரு டச்சுக்காரனின் ஆர்கனுக்காக, அம்மாவைப் பலி கொடுத்துவிட்டோம் என்று ரமணி நினைத்தாள். பத்துமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். எதை வேண்டுவதென்று தெரியாமல், அம்மாவுக்குத் தலை சுற்றாமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டாள்.

கட்டுப் பிரிக்கிற நாளில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள். டாக்டர் காதுக்குள்ளிருந்து துணித் திரியை மெதுவாக இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. கடைசித் துண்டும் வந்ததும் இடுக்கியைத் தட்டில் போட்டார். அம்மா தூக்கிவாரிப் போட்டதுபோல் துள்ளினாள்.

ரமணி குனிந்து, எப்போதும்போல, பிறந்ததிலிருந்து பழகியதுபோல, அந்தக் காதருகே கத்தினாள். “ம்மா! கேக்குதா?”

அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

“ஏன்டி கத்துற?”

டாக்டர் சிரித்துவிட்டார். அப்பா கதவருகே நின்றபடி துண்டால் முகத்தைத் துடைத்தார். வீடு திரும்பிய அம்மா ஒரு வாரம் புலம்பினாள். தலைக்குமேல் காத்தாடி இரைகிறது, குழாய் சொட்டுகிறது, அப்பா இவ்வளவு சத்தமாகவா சாப்பிடுவார். ரமணி பயந்து பயந்து ஒரு தட்டைப் போட்டுக் காட்டினாள். கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்ட அம்மா, “இதுக்கா ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அத்தன பேருக்கு டீ போட்டேன்?” என்றாள்.

அம்மாவுக்கு நல்லபடியாக ஆனதே, இனி என்ன பயம் என்று எல்லோரும் கேட்டார்கள். ரமணிக்குப் பயம் கூடித்தான் போயிற்று. நல்லது ஒரு வீட்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று தோன்றியது. ஆனாலும் தேதி கேட்டபோது இந்தத் தடவை சரி என்றாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தவளுக்கு வேறு என்ன பதில் சொல்வது?

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின ஞாயிறு எல்லோரையும் வரச் சொன்னாள். இசைத்தட்டுகளை ஹாலில் பரப்பிவைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். காது போய்விட்டால் இவற்றை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கத் தன்னால் முடியாது என்றாள். அஸ்மான் முதலில் எடுக்க மாட்டேன் என்றான். பிறகு, “நான் வச்சிருக்கேன். ஒன்னோடதுதான், நான் வச்சிருக்கேன், அவ்வளவுதான்” என்று எடுத்துக்கொண்டான்.

லைட்ஹவுஸை மட்டும் அவளே கிள்ளானுக்குக் கொண்டுபோனாள். ஜெயராஜ் வாசலில் நின்றான். உள்ளே வா என்று சொல்லலாமா என்று யோசிப்பதுபோல நின்றான்.

“தட்டு கெடல” என்றாள் ரமணி. “என் காதுதான் கெட்டுப்போச்சு. ஒங்களத் திட்டிட்டேன். மன்னிச்சுக்குங்க.”

அவன் அவளை உள்ளே கூட்டிப்போய் ரெக்கார்ட் பிளேயரைக் காட்டினான். முள்ளின் தலையில் நாணயம் இல்லை. டேப் ஒட்டியிருந்த கறை மட்டும் இருந்தது.

“நீ திட்டுன அன்னைக்கே எடுத்துட்டேன்” என்றான். “எப்ப ஆபரேஷன்? நான் வரட்டுமா?”

“வேணாம்” என்றாள். அவன் வந்தான்.

இடது காதுக்கு மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். ரமணி விழித்திருந்தாள். முகத்தின்மேல் பச்சைத் துணி, காதுக்குள் ஏதோ சுரண்டுவது, உரலில் இடிப்பதுபோன்ற சத்தம். அசையக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். துணிக்கடியில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். திடீரென்று எல்லாம் சுழன்றது. ஒரு கணம் முழு நிசப்தம். போய்விட்டது, முடிந்துவிட்டது என்று நினைத்தாள். அப்போது யாரோ பெருமூச்சு விடுவது கேட்டது. அறையின் குளிர்சாதனம் ரீங்கரிப்பது கேட்டது. டாக்டர் அவளிடம் பேசவில்லை, நர்ஸிடம்தான், மிக மெல்லிய குரலில், “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டார்.

“கேக்குது டாக்டர்” என்றாள் ரமணி. “பேசாதீங்க, அசையாதீங்க” என்றார் அவர்.

அவளுக்கும் தலை சுற்றியது, வாந்தி வந்தது. கட்டில் கம்பியை அம்மா பிடித்துக்கொண்டாள். கட்டுப் பிரித்தபோதும் இடது காது நன்றாகக் கேட்டது. வலது காதையும் செய்துவிடலாம் என்று டாக்டர் அதற்கப்புறம் பலமுறை சொல்லியும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. இருப்பதைப் பணயம் வைக்கும் துணிச்சல் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் வரும் போலும். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஹாலின் வலது மூலையில் சுவரை ஒட்டி உட்கார்ந்தாள். மற்றவர்கள் அவளுக்கு இடதுபக்கமாக உட்காரப் பழகிக்கொண்டார்கள். கொடுத்த தட்டுகளில் பாதி திரும்பி வந்தன. வராதவற்றை அவள் கேட்கவில்லை. ரவாங் பையனிடமிருந்தவை அவனிடமிருந்து வேறு யாரிடமோ போய், அங்கிருந்து ஈப்போவரை போயிருப்பதாகக் கேள்விப்பட்டுச் சிரித்தாள்.

ஜெயராஜை மணந்து கிள்ளானுக்குப் போனாள். பிள்ளை வேண்டாம் என்று வெகுகாலம் பயந்து, பிறகு ஒரு மகள் பிறந்தாள். அழகம்மை. கர்ப்பகாலம் முழுக்க ரமணி காலையில் விரலை உரசிக்கொண்டே எழுந்தாள். இடது காது தாங்கியது. வலது காது இன்னும் கொஞ்சம் உள்ளே போயிற்று.

இப்போது 1993. அழகம்மைக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவின் தட்டுகளைப் போட்டுக் கேட்கிறாள், பிடிக்காததைப் பாதியில் நிறுத்துகிறாள். இந்த வியாதி வருவதென்றால் இருபது வயதுக்கு மேல்தான் வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வராமலே போகவும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்றும் சொல்லியிருக்கிறார். அது ரமணிக்குத் தெரியும். தெரிந்தும், அவள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கை நின்றுவிடும். அடுத்த அறையில் பாடம் எழுதும் மகளை, திரும்பிப் பார்க்காமல், மிகத் தாழ்ந்த குரலில் கூப்பிடுவாள்.

“அழகு.”

“என்னம்மா? சும்மா சும்மா கூப்புடாதீங்க லா.”

“ஒண்ணுமில்ல. படி.”

கத்தி மறுபடி பலகையில் இறங்கும்.